கனம் குறைந்தால் கூந்தல் எழும்! சியோல் நகரத்து சலூன் வீதிகள்

சியோல் மெட்ரோவின் இரண்டாம் எண் தடம் நகரத்தைச் சுற்றி வட்டமடிக்கும். காலை எட்டு மணிக்கு அந்த ரயிலில் ஏறும் வெளியூர்க்காரர்கள் ஒரு காட்சியைப் பார்த்துச் சட்டென்று நின்றுவிடுவார்கள். நீளமான கோட், பளபளக்கும் ஷூ, தோளில் அழகான கைப்பை என்று எல்லாம் கச்சிதமாக இருக்கும் ஓர் இளம்பெண், நெற்றிக்கு மேலே முன்முடியில் ஒரு பிளாஸ்டிக் ரோலரைச் சுற்றிக்கொண்டு போனைப் பார்த்தபடி நிற்பார். அடுத்த பெட்டியில் இன்னொருவர். யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. இறங்க வேண்டிய நிலையம் நெருங்கும்போது ரோலரை உருவிப் பைக்குள் போட்டுவிட்டு, விரலால் முடியை ஒருமுறை கோதிக்கொண்டு நடந்துவிடுவார்கள்.

இந்த ரோலர் ஒருமுறை கொரிய வரலாற்றிலேயே இடம் பிடித்துவிட்டது. 2017 மார்ச் 10. அதிபர் பார்க் குன்-ஹேயைப் பதவியிலிருந்து நீக்குவதா வேண்டாமா என்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டிய நாள். நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. தற்காலிகத் தலைமை நீதிபதி லீ ஜங்-மி காரிலிருந்து இறங்கி வேகமாக உள்ளே நடந்தார். அவருடைய பின்தலையில் இளஞ்சிவப்பு நிறத்தில் இரண்டு ரோலர்கள்! அவசரத்தில் எடுக்க மறந்துவிட்டார். அன்று மாலைக்குள் அந்தப் புகைப்படம் நாடு முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. கேலி செய்தவர்களைவிட நெகிழ்ந்தவர்கள்தான் அதிகம். வேலைக்கு ஓடும் ஒவ்வொரு பெண்ணின் காலையும் அதில் தெரிந்தது.

நெகிழ்ச்சிக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2014 ஏப்ரல் 16 அன்று சேவோல் கப்பல் மூழ்கி 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதே நாள் பிற்பகலில் முடி அலங்காரம் செய்பவர் அதிபர் மாளிகைக்கு வந்து போனதைப் பின்னாளில் மாளிகையே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பார்க் குன்-ஹே தன் தாய் யுக் யங்-சூவைப் போலவே மேலே தூக்கிச் சீவிய கொண்டை போடுவார். அந்தக் கொண்டையும் இந்த ரோலர்களும் மக்கள் மனதில் எதிரெதிராக நின்றன. ஒரு பெண்ணின் தலைமுடிக்கு இவ்வளவு அரசியல் அர்த்தம் கற்பிப்பது நியாயமா என்று கேட்கலாம். ஆனால் இந்த நகரத்தில் முடி ஒருநாளும் வெறும் முடியாக இருந்ததில்லை.

ரோலர் எதற்கு? ‘பொல்லியூம்’ வேண்டும் என்பதற்கு. ‘வால்யூம்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கொரியர்கள் அப்படித்தான் உச்சரிக்கிறார்கள். சியோலில் எந்த சலூனின் கதவைத் திறந்தாலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் காதில் விழும் சொல் இது. கொரியப் பெண்கள் பலருக்கு முடி தடிமனாக, நேராக, விறைப்பாக இருக்கும். உச்சந்தலையில் தட்டையாகப் படிந்துகொள்ளும். காதுக்குப் பக்கத்தில் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். நீளம் கூடக் கூட அதன் எடையே வேரைக் கீழே இழுக்கும். நீளமும் வேண்டும், உச்சியில் எழும்பியும் நிற்க வேண்டும் என்பதுதான் இங்கே ஒவ்வொரு நாற்காலியிலும் தீர்க்கப்படும் கணக்கு.

இந்தக் கணக்கை முன்னோர்கள் வேறு மாதிரி போட்டார்கள்.

தலையில் ஏற்றிய பாரம்

ஷின் யூன்-போக் என்ற ஜோசோன் காலத்து ஓவியர் வரைந்த ‘மியின்தோ’வின் படத்தைச் சியோலில் எங்கும் பார்க்கலாம். அஞ்சலட்டை, விசிறி, காபிக் கோப்பை என்று எதிலாவது அந்தப் பெண் தலைகுனிந்து நிற்பாள். அசல், கான்சோங் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. மெல்லிய முகம், ஒல்லியான தோள். அதற்கு மேல் முறுக்கி முறுக்கிச் சுற்றி வைத்த ஒரு பெரிய கரிய பந்து. அது அவளுடைய முடி மட்டுமல்ல. ‘காச்சே’ என்று சொல்லப்பட்ட சவுரி.

சவுரி என்றால் தமிழ்ப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பின்னல் மெலிதாக இருந்தால் வைத்துப் பின்னுவது. கொரியாவில் அதைத் தலை உச்சியில் அடுக்கினார்கள். எவ்வளவு பெரிதோ அவ்வளவு கௌரவம். பதினெட்டாம் நூற்றாண்டில் போட்டி முற்றி, நல்ல காச்சே ஒன்றுக்கு வீடு வாங்கும் பணத்தைக் கொட்டினார்கள். மகளுக்குக் கல்யாணம் என்றால் நகையோடு இதுவும் சேர்ந்து தகப்பன் தலையில் விழுந்தது.

யி தோக்-மு என்ற அறிஞர் எழுதிவைத்த ஒரு குறிப்பு படிப்பவரைக் கலங்கடிக்கும். பணக்கார வீட்டு மருமகள், வயது பதின்மூன்று. தலையில் உயரமான, கனமான காச்சே. மாமனார் அறைக்குள் வர, மரியாதைக்கு அவசரமாக எழுந்தாள். பாரம் தாங்காமல் கழுத்து முறிந்து இறந்துபோனாள்.

மன்னர் யோங்ஜோ 1756-ல் காச்சேவைத் தடை செய்து, பதிலுக்குச் சின்னத் தொப்பி போன்ற ‘ஜொக்துரி’யை அணியச் சொன்னார். பெண்கள் கேட்கவில்லை. தடை தளர்ந்தது. அவர் பேரன் ஜோங்ஜோ 1788-ல் மறுபடி தடை போட்டார். அரச ஆணைக்கே இரண்டு தலைமுறை தண்ணி காட்டிய சிகை அலங்காரம் அது! ஹன்போக் உடை வாடகைக்குத் தரும் கடைகள் கியோங்போக்குங் அரண்மனையைச் சுற்றி வரிசையாக இருக்கின்றன. அங்கே உடையோடு தலை அலங்காரமும் செய்துவிடுகிறார்கள். எடையில்லாத செயற்கைப் பின்னல்தான். படம் எடுத்துக்கொண்டு மாலையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வெட்டியவளைப் பற்றிச் செய்தி

அரண்மனையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஜொங்காக் நிலையம். அதன் தலைக்கு மேல், நடுவில் காற்றாட ஓட்டை விட்டுக் கட்டியதைப் போல நிற்கும் ஜொங்னோ டவர். அந்த இடத்தில் முன்பு இருந்தது ஹ்வாஷின் டிபார்ட்மென்ட் ஸ்டோர். 1933-ல் ஓ யோப்-ஜூ என்ற பெண் அங்கே ஒரு பியூட்டி பார்லரைத் திறந்தார். ஜப்பானில் தொழில் கற்றவர், நடிகையும்கூட. கொரியப் பெண் ஒருவர் நடத்திய முதல் நவீன பார்லர் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

அதற்குப் பதினோரு வருடம் முன்பு, 1922-ல், காங் ஹியாங்-ரான் என்ற கிசெங் பெண் தன் கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, ஆண் உடையில் படிக்கப் போனது நாளிதழ்ச் செய்தியானது. கிசெங் என்றால் ஆடல் பாடல் கற்று விருந்துகளில் கலை நிகழ்த்தியவர்கள். உடம்பும் முடியும் பெற்றோர் தந்தது, அதைச் சேதப்படுத்தாமல் காப்பதே பிள்ளைகளின் முதல் கடமை என்ற கன்ஃபூசிய எண்ணம் ஊறிய சமூகம். 1895 டிசம்பரில் ஆண்கள் குடுமியை வெட்ட வேண்டும் என்று அரசாணை வந்தபோது கிளர்ச்சியே வெடித்தது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் கத்தரியை எடுத்தாள் என்றால் சும்மா விடுவார்களா?

பின்னால் வந்த ராணுவ ஆட்சி, 1970-களில் ஆண்கள் முடி வளர்ப்பதைப் பிடித்து, தெருவிலேயே வெட்டிவிட்டது. பள்ளி மாணவிகளுக்குக் காதுக்குக் கீழே இத்தனை சென்டிமீட்டர் என்று ஸ்கேல் வைத்து அளந்தார்கள். 1982-ல் அரசு தளர்த்தியது. பள்ளிக்கூடங்கள் மெல்ல மெல்லப் பழைய விதிகளைத் திரும்பக் கொண்டுவந்தன. சியோல் நகரம் 2012-ல் மாணவர் உரிமைச் சட்டம் போட்ட பிறகுதான், முடி எவ்வளவு நீளம் என்பது மாணவியின் சொந்த விஷயம் என்று எழுத்தில் வந்தது.

விற்ற முடி

இரண்டாம் எண் தடத்தில் தெற்கே போனால் குரோ டிஜிட்டல் வளாகம். இன்று கண்ணாடிக் கட்டடங்களும் மென்பொருள் நிறுவனங்களும். 1960-களில் இந்த வட்டாரத்தில்தான் ஏற்றுமதித் தொழிற்பேட்டை எழும்பியது. அமெரிக்காவுக்கு இங்கிருந்து போன முக்கியமான சரக்குகளில் ஒன்று விக். போருக்குப் பிந்தைய வறுமையில் இருந்த நாட்டிடம் விற்க அதிகம் ஒன்றுமில்லை. பெண்களின் நீண்ட கூந்தல் இருந்தது. முடி வாங்குபவர்கள் கிராமம் கிராமமாகக் கூவிக்கொண்டு போனார்கள். தாய்மார்கள் வெட்டிக் கொடுத்து அரிசி வாங்கினார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினார்கள். அவர்களுடைய மகள்கள் பதினாறு, பதினேழு வயதில் சியோலுக்கு ரயிலேறி வந்து, அந்த முடியை இழை இழையாகக் கோத்து விக் செய்தார்கள். 1970 வாக்கில் விக், கொரிய ஏற்றுமதிப் பட்டியலின் முன்வரிசையில் இருந்தது.

பழனியிலும் திருப்பதியிலும் காணிக்கை முடி ஏலம் போவதைத் தெரிந்த தமிழர்களுக்கு இந்த வியாபாரம் அந்நியமாகத் தோன்றாது. வித்தியாசம், அங்கே சாமிக்குக் கொடுத்தது விற்பனைக்குப் போகிறது; இங்கே பசிக்காக நேரடியாகவே விற்றார்கள்.

ஒய்.ஹெச். டிரேடிங் என்ற விக் நிறுவனம் 1979-ல் மூடப்பட்டபோது, வேலையிழந்த பெண்கள் எதிர்க்கட்சித் தலைமையகத்துக்குள் போய் உள்ளிருப்புப் போராட்டம் தொடங்கினார்கள். ஆகஸ்ட் 11 அதிகாலை போலீஸ் நுழைந்தது. கிம் கியோங்-சுக் என்ற இளம் தொழிலாளி உயிரிழந்தார். எதிர்க்கட்சித் தலைவர் கிம் யங்-சாமை நாடாளுமன்றத்திலிருந்து நீக்கினார்கள். அவருடைய ஊர்ப் பக்கம் பூசானிலும் மாசானிலும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அக்டோபர் 26-ல் அதிபர் பார்க் சுங்-ஹீ சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் மகள்தான், 2017-ல் ரோலர் மாட்டிய நீதிபதி பதவி நீக்கிய பார்க் குன்-ஹே. முடியிலிருந்து கிளம்பிய நூல் எங்கெங்கோ போய் இன்னொரு முடியில் வந்து முடிகிறது.

தொழிலாளிப் பெண்கள் தங்கியிருந்த தேனீக்கூடு போன்ற அறைகளை நினைவுபடுத்தும் சிறிய அருங்காட்சியகம் ஒன்று கசான் பகுதியில் இருக்கிறது. கே-டிராமா பார்த்து சியோல் சுற்ற வருபவர்களின் பட்டியலில் பெரும்பாலும் இது இருப்பதில்லை. இருக்க வேண்டும்.

தேவதைக் கூந்தலின் கணக்கு

இனி நாற்காலிக்கு வருவோம். இன்றைய சியோலில் முடி அலங்காரத்துக்கு மூன்று தனித்தனி உலகங்கள். ஆற்றுக்குத் தெற்கே, கங்னம் பகுதியின் சொங்தாம்-தோங். நட்சத்திரங்களும் மணப்பெண்களும் விடியற்காலையிலேயே வந்திறங்கும் சலூன்கள் அங்கே. தலைமைக் கலைஞர் கையால் வெட்டு மட்டுமே ஒரு லட்சம் வொன்னைத் தாண்டும். இரண்டாவது, பல்கலைக்கழகங்களைச் சுற்றியிருக்கும் ஹொங்தே, இதே வட்டாரங்கள். மாணவிகள் கூட்டம், புதுப்புது ஸ்டைல்கள், கொஞ்சம் அடங்கிய விலை. மூன்றாவது, குடியிருப்புச் சந்துக்குள் ஒற்றை அறையில் நடக்கும் பார்லர். அதைப் பற்றிப் பின்னால்.

நீளமான கூந்தலை அடுக்கடுக்காக வெட்டி, பெரிய அலைகளோடு எழும்ப விட்டால் அதற்கு இங்கே ‘யோசின் மொரி’ என்று பெயர். தேவதைக் கூந்தல். கே-டிராமா கதாநாயகி காற்றில் திரும்பும்போது மெதுவாகப் புரள்கிறதே, அதுதான். ஹொங்தே சலூனில் உட்காரும் பெண் போனில் ஒரு நடிகையின் படத்தைக் காட்டுவாள். வெட்டுபவரை ‘டிசைனர்’ என்பார்கள். கூப்பிடும்போது ‘ஆசிரியரே’ என்ற பொருளில் ‘சொன்செங்னிம்’. நல்ல டிசைனர் உடனே கத்தரியை எடுப்பதில்லை. வீட்டில் தலையை எப்படிக் காயவைப்பீர்கள்? வேலைக்குப் போகும்போது கட்டுவீர்களா, விரித்து விடுவீர்களா? கடைசியாக எப்போது கெமிக்கல் போட்டீர்கள்? காலையில் முடிக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குவீர்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பிறகுதான் படத்தைப் பார்ப்பார். படத்தில் இருக்கும் நடிகையிடம் ஸ்டைலிஸ்ட் நாள் முழுக்கக் கூடவே நிற்கிறார் என்பதை இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

லேயர் கட் எப்படி முடியை எழுப்புகிறது? எல்லா முடியும் ஒரே நீளத்தில் இருந்தால், மொத்தக் கனமும் நுனியில் போய்ச் சேர்ந்து வேரைக் கீழே இழுக்கும். மேலடுக்கை மட்டும் தலையிலிருந்து உயர்த்திப் பிடித்து வெட்டினால், அது விழும்போது கீழடுக்கைவிடக் குட்டையாக நிற்கும். எடை குறைந்ததால் வேர் நிமிரும். சேர்த்து வைத்து அடர்த்தி காட்டிய காச்சேவுக்கு நேர் எதிர் இது: எடுத்துவிட்டு அடர்த்தி காட்டுவது. நீளத்தில் ஓர் அங்குலம்கூடக் குறையாமல் இதைச் செய்யலாம் என்பதால்தான், கூந்தலை விட மனமில்லாதவர்களும் துணிந்து உட்காருகிறார்கள்.

எல்லாம் முதல் அடுக்கு எங்கே தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. உருண்டை முகத்துக்குத் தாடைக்குக் கீழே, கழுத்தெலும்பு பக்கம் தொடங்கினால் முகம் நீண்டு தெரியும். கன்னத்திலேயே தொடங்கினால் இன்னும் உருண்டையாகும். நீள முகத்துக்குப் பக்கவாட்டில் அடர்த்தியும் நெற்றியில் கொஞ்சம் முன்முடியும் வேண்டும். உச்சியில் ஏற்றினால் முகம் மேலும் நீளும். அடர்த்தியான முடி எத்தனை அடுக்கு போட்டாலும் தாங்கும். மெலிந்த முடிக்கு இரண்டு, மூன்று நீள அடுக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆசைப்பட்டு மேலிருந்தே அடுக்கிவிட்டால், மேலே காளான், கீழே எலிவால்! சில வருடங்களாகக் கொரியாவில் கலக்கும் ‘ஹஷ் கட்’ இந்த எல்லைக்கு மிக அருகில் நடக்கும் ஸ்டைல். மேலே குட்டையாக, நுனி இறகு போல மெலிதாக. அடர்ந்த முடிக்காரர்களுக்கு அற்புதம். முடி கொட்டும் பிரச்சினை இருப்பவர்கள் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு வேறு ஸ்டைலுக்குப் போய்விடுவது நல்லது.

பிடிக்காமல் போனால் திரும்ப வளர்க்கலாம். மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர். வளரும் வழியில் முடி தோளில் முட்டி, நான்கு பக்கமும் வெளியே மடங்கி நிற்கும் ஒரு பருவம் வரும். எந்தப் பக்கம் சீவினாலும் அடங்காது. கொரியர்கள் இதற்கு ‘கொஜிஜோன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘பிச்சைக்காரக் கட்டம்’ என்று பொருள். தோழிகள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள், நீ இப்போது கொஜிஜோனில் இருக்கிறாயா என்று. ஒவ்வொரு மொழிக்கும் இப்படி ஒரு சொல் தேவை.

விலை விஷயத்தில் ஒரு நல்ல ஏற்பாடு. 66 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள சலூன்கள் கட்டணத்தை வாசலுக்கு வெளியிலேயே எழுதி வைக்க வேண்டும் என்று 2013 முதல் விதி. ஆனால் பெர்ம், கலரிங் என்று போனால் ‘நீளத்துக்குக் கூடுதல்’ என்ற குட்டி வரி அடியில் இருக்கும். இடுப்பு வரை கூந்தல் வைத்திருக்கும் தமிழ்ப் பெண்கள் உட்காருவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்வது பர்ஸுக்கு நல்லது. டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை.

ஆறும் வரை பொறுக்க வேண்டும்

வெட்டுவது பாதி வேலை. மீதி, தினமும் காலையில் வீட்டில். சியோல் டிசைனர்கள் வழியனுப்பும்போது சொல்லித் தருவது ஏறக்குறைய ஒரே பாடம்தான். நுனியை அல்ல, முதலில் வேரைக் காயவையுங்கள். தலையைக் கவிழ்த்து, வழக்கமாக எடுக்கும் வகிடுக்கு எதிர்ப்பக்கம் முடியைத் தள்ளி டிரையர் காட்டுங்கள். முக்கால்வாசி காய்ந்ததும் வகிட்டைத் திருப்பிப் போட்டால் உச்சி தானாக எழும்பும். சூடாக இருக்கும்போதே உச்சியில் இரண்டு பெரிய ரோலர். பிறகு காபி குடியுங்கள்.

காபிக்குக் காரணம் இருக்கிறது. ஈரமும் சூடும் முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்தும். காய்ந்து ஆறும்போது, அப்போது இருக்கும் வளைவிலேயே அவை இறுகும். சூடாக இருக்கும்போதே ரோலரை உருவினால் வேலை வீண். ரயிலில் ரோலரோடு போகும் பெண்கள் செய்வது இதைத்தான். ஆறும் நேரத்தைப் பயண நேரத்தில் கழித்துக்கொள்கிறார்கள். இந்த வளைவு அடுத்த தடவை நனையும் வரைதான். பெர்ம் என்பது வேறு: முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளையே உடைத்துப் புதிய வளைவில் கட்டுவது. அதனால்தான் மாதக்கணக்கில் நிற்கிறது, அதனால்தான் முடியைச் சேதப்படுத்தவும் செய்கிறது.

எதிரி, ஈரக் காற்று. ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை முழுக்கக் கொட்டும் ‘ஜாங்மா’ மழைக்காலத்தில், காலையில் எழுப்பிய கூந்தல் மதியத்துக்குள் படுத்துவிடும். காற்றின் ஈரமே பிணைப்புகளை மறுபடி தளர்த்திவிடுகிறது. சென்னைக்காரர்களுக்கு இது வருடம் முழுக்க நடப்பது! அதனால் சியோல் படத்தை எடுத்துக்கொண்டு நம்மூர் பார்லருக்குப் போகிறவர்கள் சில மாற்றங்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் நிறையப் பேருக்கு முடியில் இயல்பாகவே லேசான அலை உண்டு. கொரியப் பெண்கள் பணம் கொடுத்து வாங்குவது நம்மவர்களுக்கு இலவசம். கனம் குறைந்ததும் அந்த அலை மேலே சுருங்கி வரும். ஆகவே ஈரத்தில் பார்க்கும் நீளத்தை நம்பி வெட்டக் கூடாது. விரும்பியதைவிட ஓர் அங்குலம் நீளமாக நிறுத்தச் சொல்லலாம். நல்ல சுருட்டை என்றால் காய்ந்த முடியில் வெட்டுவதே பாதுகாப்பு. ஸ்ட்ரெய்ட்னிங், ஸ்மூத்தனிங் செய்த முடியில் ஒவ்வொரு அடுக்கும் படிக்கட்டு மாதிரி பளிச்சென்று தெரியும். நுனிகளைக் கத்தரியால் செங்குத்தாகக் கொத்தி மென்மையாக்கச் சொல்ல வேண்டும். மருதாணி, ஹேர் டை எது போட்டிருந்தாலும் பெர்முக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

முக்கியமாக, பின்னல். சியோலில் கூந்தலைப் பின்னி வேலைக்குப் போகிறவர்கள் குறைவு. அங்கே வெட்டும் அளவு பின்னலை நினைத்து வைத்ததல்ல. காது மட்டத்தில் தொடங்கும் அடுக்குகள் பின்னலுக்குள் நிற்காமல் பக்கத்துக்குப் பக்கம் பிய்த்துக்கொண்டு வரும். வெள்ளிக்கிழமை பின்னிப் பூ வைக்க வேண்டும், கல்யாணத்துக்கு ஜடை தைக்க வேண்டும் என்றால், மிகக் குட்டையான அடுக்கு தாடைக்குக் கீழே நிற்கட்டும். இதைச் சொன்னால் எந்த பார்லர்காரருக்கும் புரியும். சொல்லாவிட்டால் படத்தில் இருப்பதைத்தான் வெட்டுவார்.

சந்துக்குள் இருக்கும் பார்லர்

நவம்பரில் சியோல் சலூன்களுக்கு ஒரு திருவிழாக் கூட்டம் வரும். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான ‘சுனுங்’ முடிந்த வாரம். தேர்வு அனுமதிச் சீட்டைக் காட்டினால் தள்ளுபடி என்று கடைகள் போட்டி போட்டு போர்டு வைக்கும். மூன்று வருடம் பின்னால் இழுத்துக் கட்டிய முடியோடு படித்த பெண்கள் கும்பலாக வந்து, முதல் லேயர் கட், முதல் பெர்ம், முதல் கலர் என்று வரிசையில் உட்காருவார்கள். அம்மாக்கள் பின்னால் சோபாவில். எதை வெட்டினாலும் இந்த ஒரு வாரம் அவர்கள் எதுவும் சொல்வதில்லை.

அந்த அம்மாக்களின் அம்மாக்கள் இங்கே வர மாட்டார்கள். அவர்களுக்குச் சந்துக்குள் இருக்கும் பார்லர்தான். சுருள் குச்சிகளை இறுக்கச் சுற்றி, தலைக்கு மேல் பிளாஸ்டிக் உறையைக் கட்டிக்கொண்டு நான்கைந்து பாட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். யாராவது வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொண்டு வந்திருப்பார். டிவியில் ஏதோ ஒரு குடும்ப சீரியல். இந்தக் குட்டையான, கெட்டியான சுருட்டைக்கு ‘அஜுமா பெர்ம்’ என்று பெயர். கேலிச் சொல்தான். ஆனால் கணக்கு சரியான கணக்கு: ஒருமுறை போட்டால் மாதக்கணக்கில் சீப்பே வேண்டாம், மெலிந்த முடியும் அடர்த்தியாகத் தெரியும், செலவும் குறைவு. வயல், கடை, பேரப்பிள்ளைகள் என்று ஓடிய கைகளுக்குக் காலையில் ரோலர் சுற்ற நேரம் கிடைத்ததில்லை.

வயதைக் கணக்குப் போட்டால், குரோவுக்கு ரயிலேறி வந்து விக் கோத்த தலைமுறை இதுதான். பேத்தி ஹொங்தேயில் தேவதைக் கூந்தலோடு வந்து நின்றால், இந்தப் பாட்டிகள் அதன் நுனியை விரலுக்கிடையில் பிடித்து உருட்டிப் பார்ப்பார்கள். தடிமன், வழவழப்பு, வெடிப்பு இருக்கிறதா என்று. பிறகு எவ்வளவு கொடுத்தாய் என்று விலையைக் கேட்டுவிட்டு, உறைக்குள் இருக்கும் தலையை ஆட்டுவார்கள்.